கிழக்கு வயலை எடுத்தவர் மகள்

1880 அக்டோபர் 12, செவ்வாய்

கொல்லன் டினன் இன்றைக்கும் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். 'சொல்லிவிட்டான்' என்று எழுதுவதே தப்பு. வாயே திறக்கவில்லை. நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் நிற்கிறேன், அவன் துருத்தியை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். சும்மா குளிர் காய வந்து உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். கூரையில் என்ன இருக்கிறது? ஒட்டடைதான் இருக்கிறது.

"டினன் மாமா, குதிரை என்ன பாவம் பண்ணுச்சு? அதுவா வயலை எடுத்துச்சு?" என்று கேட்டேன். ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டான். அவ்வளவுதான் பதில்.

எனக்கு ஊரில் வாயாடி என்று பெயர். வினி லில்லிஸ் வாயைத் திறந்தால் பூசை மணி கூடக் கேட்காது என்பார்கள். இப்போது இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வீட்டில் அம்மா களைத்துப்போய்ப் பேசுவதில்லை. அப்பா கோபத்தில் பேசுவதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்து நோட்டில் மிச்சமிருந்த தாளை எடுத்து எழுதுகிறேன்.

அக்டோபர் 13

நேற்று எழுதியதைப் படித்தேன். என்ன நடந்தது என்றே எழுதவில்லை. எழுதிவிடுகிறேன், பிற்பாடு எனக்கே நம்பிக்கை வராமல் போகலாம்.

எங்கள் கல்சுவருக்குக் கிழக்கே இருக்கிற வயல் ஹோனன் வீட்டாருடையது. உடையது என்றால் என்ன, இங்கே யாருக்கு எது உடையது? எல்லாம் துரையுடையது, நாம் குத்தகைக்காரர்கள். இரண்டு வருஷம் மழையில் எல்லாம் அழுகியது. மர்ட்டி ஹோனனால் குத்தகை கட்ட முடியவில்லை. மே மாதம் போலீசைக் கூட்டிவந்து வெளியே தள்ளினார்கள். கூரையை அன்றைக்கே பிரித்துப் போட்டார்கள். மர்ட்டியும் அவன் தங்கை ஆக்னஸும் அவர்கள் அப்பா கிழவர் லூக்கும் ரோட்டோரம் வந்து நின்றார்கள். குத்தகைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற நிலச் சங்கத்து ஆட்கள் பலகையும் புல்லும் கொண்டுவந்து அங்கேயே ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வாசலில் நின்றால் அதன் புகை தெரியும்.

நிலச் சங்கம் சொன்னது இதுதான்: ஒருத்தனைத் துரத்திய நிலத்தை இன்னொருத்தன் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவனோடு பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டது எதுவும் இல்லை. கூட்டத்தில் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். எங்கள் அப்பாவும் தூக்கினார்! நான் பார்த்தேன்.

போன மாதக் கடைசியில் அப்பா துரையின் ஏஜென்டிடம் போய் அந்த வயலை எடுத்துக்கொண்டார். வயல் கதவில் புதுப் பூட்டு போட்டுவிட்டு வந்து, "உனக்காகத்தான்டி எடுத்தேன்" என்றார்.

எனக்குப் பேசிவைத்திருக்கிற டார்பி கின்னேன் வீட்டில் பெண்ணோடு நிலமும் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு இருப்பது அம்மா வழி வந்த துண்டு நிலம், அது என் தம்பி வளர்ந்தால் அவனுக்கு என்று வைத்திருந்தது. தம்பி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, இருந்தாலும் அம்மா அதைத் தொட விடமாட்டாள். ஆகவே கிழக்கு வயல். தவக்காலம் பிறப்பதற்குள் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணம் எல்லாம் ஜனவரியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் தவக்காலத்துக்கும் நடுவில்தான். அதை விட்டால் அடுத்த வருஷம்.

ஆக்னஸ் ஹோனன் என் சிநேகிதி. இதையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பலகை. அவள் என்னைப் பார்த்தால் இப்போது வேலி பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அக்டோபர் 17, ஞாயிறு

பூசைக்குப் போனோம். நாங்கள் உட்கார்ந்ததும் அந்த வரிசை முழுக்க எழுந்து போய்விட்டது. பின் வரிசையும். ஃபாதர் குவின்லிவன் பிறர் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், ஒரு முறை கூட எங்கள் பக்கம் பார்க்காமல்.

"பரவாயில்ல, கால நீட்டி உட்காரலாம்" என்றாள் அம்மா. அவள் சொன்னது வேடிக்கைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அக்டோபர் 29

கடைக்காரி மாவு தரவில்லை. என் எதிரிலேயே அடுத்தவளுக்கு அளந்து போடுகிறாள். "நானும் மனுஷிதானே, கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன். தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா இனிமேல் டவுனுக்குப் போய் வாங்கிவருவாராம். லாடம் இல்லாத குதிரையோடு. போலீஸ்காரர் ஒருத்தர் வந்து, துணைக்கு ஆள் போடட்டுமா என்று கேட்டார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தி, "போலீசோட போய் மாவு வாங்க நான் என்ன திருட்டுப் பயலா?" என்றார். இதில் மட்டும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை.

நவம்பர் 3

உருளைக்கிழங்கு தோண்டுகிறோம். மற்ற வருஷம் என்றால் இன்றைக்கு எங்கள் வயல், நாளைக்கு அவர்கள் வயல் என்று ஊரே சேர்ந்து மண்வெட்டியோடு வரும். பாட்டும் கேலியுமாக இருக்கும். கிழங்கு பொறுக்குவதை விட ஆக்னஸும் நானும் வம்பு பொறுக்குவதுதான் அதிகம். இப்போது மூன்று பேர். அம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆக இரண்டு பேர்.

விளைச்சல் இந்த வருஷம் என்னமாய் இருக்கிறது! வெட்டிய இடமெல்லாம் கிழங்கு. அதுதான் வயிற்றெரிச்சல். பாதியும் எடுத்து முடிக்க மாட்டோம், உறைபனி வந்துவிடும்.

நவம்பர் 9

இன்று சண்டை. நான்தான் ஆரம்பித்தேன்.

"அப்பா, வயலை விட்டுடுங்க. எனக்கு வேணாம்."

"உனக்கு வேணாம்னா எனக்கு வேணும்" என்றார்.

அப்படி வா வழிக்கு! எனக்காக எடுத்தாராம். அந்த ஒரு வார்த்தையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, ஊரே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பும்போதெல்லாம் நானே குற்றவாளி மாதிரி குன்றிப்போய் நடந்தேனே. கத்திவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன்.

அப்பா கத்தவில்லை. உட்கார்ந்தார். பிறகு சொன்னார், இதுவரை எங்களிடம் முழுசாகச் சொல்லாததை.

அந்த வயல் நாற்பத்தேழுக்கு முன்னால் எங்கள் தாத்தா லில்லிஸுடையது. கிழங்கெல்லாம் கறுத்து நாறிய பஞ்சம். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கிறவனுக்குச் சர்க்கார் கஞ்சி கிடையாது என்று சட்டம் போட்டார்கள். கஞ்சி வேண்டுமா, நிலத்தை விடு. தாத்தா கடைசி வரைக்கும் விடாமல் இருந்து பார்த்தார். அப்பாவின் குட்டித் தங்கை செத்த பிறகு விட்டார். அன்றைக்குச் சாயங்காலமே கூரையைத் தள்ளிவிட்டார்கள். எல்லாரும் டவுனில் இருந்த ஏழை விடுதிக்குப் போனார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அம்மா செத்துப்போனதே இவருக்குத் தெரியாது. யாரோ கஞ்சி ஊற்றுகிறவன் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறான். அப்போது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது.

வெளியே வந்தபோது குடும்பத்தில் இவர் ஒருத்தர்தான் மிச்சம். வந்து பார்த்தால் வயலில் லூக் ஹோனன் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"அன்னைக்கு யாராவது லூக்கோட பேசாம இருந்தாங்களா? எவனாவது கையத் தூக்கினானா? லாடம் அடிக்க மாட்டேன்னு சொன்னானா?" என்று அப்பா மேசையைத் தட்டினார்.

"அன்னைக்கு ஊர்ல பேசறதுக்கு யாருங்க உசிரோட இருந்தாங்க?" என்றாள் அம்மா.

அப்பா வீட்டோட மாப்பிள்ளையாக இங்கே வந்தவர். அம்மா நிலத்தில் உழுதுகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அப்பன் வயலை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். லூக் கிழவர் எதிரே வந்தால் மரியாதைக்குக் குல்லாயைக் கூடத் தொடமாட்டார். நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

அவர் சொல்வது நியாயம்தான். அப்படியென்றால் ஆக்னஸ் ரோட்டோரம் படுத்திருப்பது? அதுவும் நியாயமா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 21, ஞாயிறு

டார்பியைப் பார்த்தேன். கோயில் வாசலில் அவனுடைய அப்பா சங்கத்துக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி தாண்டும்போது டார்பியும் மற்றவர்களோடு சேர்ந்து முதுகைக் காட்டினான். மத்தியானம் எங்கள் கொல்லையில், சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்புக்கு அடுக்கிய எரிகட்டிக் குவியலுக்குப் பின்னாலிருந்து "உஸ் உஸ்" என்று சத்தம். பார்த்தால் அவன்தான்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, வயலை விட்டுடாதீங்கன்னு. குளிர்காலம் போனா எல்லாரும் மறந்துடுவாங்க."

"காலைல ஏன்டா முதுகைக் காட்டின?"

"ஊர் பார்க்குதே, வினி."

"கல்யாணத்துக்கும் ஊர் வந்து பார்க்குமே. அப்பவும் முதுகைக் காட்டிக்கிட்டுதான் மோதிரம் போடுவியா?"

சிரித்தான். அவன் சிரித்தால் எனக்குக் கோபம் நிற்காது. அதுதான் என் கஷ்டம். அவனைப் பிடிக்கும், எழுதினால் என்ன. மூன்று வருஷமாகப் பிடிக்கும்.

போகும்போது மறுபடியும், "எங்கப்பாவும் அதான் சொல்றாரு, வயல் முக்கியம்னு" என்றான். வாசலில் ஒரு பேச்சு, கொல்லையில் ஒரு பேச்சா? அந்தப் பெரிய மனுஷனுக்கு எங்கள் வயல் வேண்டும், ஆனால் எடுத்த பாவம் மட்டும் எங்களோடு இருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 5

இன்றைக்கு யாரோடும் ஒரு வார்த்தை இல்லை. பசுவோடு பேசினேன். அது தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் சங்கத்திலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள் போல.

டிசம்பர் 14

அமெரிக்கா போய்விடலாமா என்று யோசித்தேன். டினன் மகள் போயிருக்கிறாள். போனால் அம்மா இந்த மனுஷனோடு, இந்தச் சத்தமில்லாத வீட்டில். இடுப்பு வேறு வளையவில்லை அவளுக்கு. போக முடியாது. இருக்கவும் முடியலை. வாசல் திறந்துதான் கிடக்கு, எந்தப் பக்கம் போனாலும் சுவரில்தான் போய் முட்டறேன்.

டிசம்பர் 24

ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். கதவைத் தாழ் போடாமல் வைத்தோம், வழக்கப்படி, வழிப்போக்கர் யாராவது வந்தால் வரட்டும் என்று. யாரும் வரவில்லை. அப்பா ஜெபம் சொல்லும்போது நடுவில் மறந்துவிட்டார், அம்மா எடுத்துக்கொடுத்தாள்.

1881 ஜனவரி 11

கல்யாண வண்டிகள் போக ஆரம்பித்துவிட்டன. சாயங்காலம் ஒன்று எங்கள் வழியாகப் போயிற்று. பிடில் வாசித்துக்கொண்டு வந்தவன் எங்கள் வாசல் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டான். தாண்டியதும் மறுபடி வாசித்தான்.

கின்னேன் வீட்டிலிருந்து இன்னும் நாள் குறிக்க ஆள் வரவில்லை.

ஜனவரி 19

பனி. இப்படிப் பனி நான் பார்த்ததே இல்லை. சுவரெல்லாம் மூடிவிட்டது. ஹோனன் குடிசை ஒரு வெள்ளை மேடாகத் தெரிகிறது, புகை மட்டும் வருகிறது. அப்பா காலையிலிருந்து மூன்று தரம் வாசலுக்குப் போய் அந்தப் புகையைப் பார்த்துவிட்டு வந்தார். பசுவைப் பார்க்கப் போனேன் என்கிறார். பசு பின்பக்கம் இருக்கிறது.

ஒரு கூடை எரிகட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குடிசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தேன். கூடை எங்கள் வாசலில் இருக்கிறது, ஒரு கட்டி கூடக் குறையாமல். ஆக்னஸின் வேலை. அவள் அப்படித்தான்.

ஜனவரி 21, வெள்ளி

லூக் கிழவர் செத்துப்போனார். காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆக்னஸின் ஒப்பாரி கேட்டது. குரல் எடுத்தவுடனே தெரிந்துவிட்டது எனக்கு. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "செத்துட்டானா" என்றார். இத்தனை வருஷம் காத்திருந்தவர் முகத்தில் கொஞ்சமாவது சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 22, சனி

போனேன். போயே விட்டேன்.

பக்கத்துச் சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது எங்கள் ஊரில் எந்த எதிரியும் செய்யாத காரியம். ஆனால் அவர் ரோட்டில் கிடந்து செத்ததற்கு நாமே காரணம் என்றால்? போனால் கொழுப்பு, போகாவிட்டால் பெரிய கொழுப்பு. காலையெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

"போ" என்றாள் அம்மா. "நடக்க முடிஞ்சா நானே போயிருப்பேன்."

"அவ அங்க கால வச்சா..." என்று அப்பா ஆரம்பித்தார். வச்சா என்ன என்று அவருக்கே தெரியவில்லை. நான் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குடிசைக்கு வெளியே பனியில் ஆண்கள் நிற்கிறார்கள். வழி விட்டார்கள். சாவு வீட்டில் யாரையும் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். குனிந்து உள்ளே போனேன். நான் நுழைந்ததும் உள்ளே பேச்சு அறுந்தது. கிழவரைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைச் சுத்தமாக மழித்து, கையில் ஜெபமாலை சுற்றி. இவ்வளவு சின்ன மனுஷனா இவர்? இவரைப் பற்றித்தானா எங்கள் வீட்டில் அவ்வளவு கோபம்? முழங்கால் போட்டு ஜெபம் சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

எழுந்தபோது ஆக்னஸ் மூக்குப்பொடித் தட்டோடு என் எதிரில் நின்றாள். வந்தவர் எல்லாருக்கும் நீட்ட வேண்டும், வீட்டுப் பெண்ணின் கடமை. நீட்டினாள். ஒரு சிட்டிகை எடுத்து, "ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றி தரட்டும்" என்றேன்.

"ஆமென்" என்றாள். அவள் குரல் என்னிடம் பேசிக் கேட்டு எத்தனை மாதம்! பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சாவு வீட்டுக்குக் கதவு கிடையாது, அதனால வந்த. நாளைக்கு ரோட்டுல பார்த்தா நீ யாரோ நான் யாரோ" என்றாள்.

"சரிடி" என்றேன்.

"அங்க, உன் வீட்டுக் கொல்லையில ஒளிஞ்சு நிக்கிறானே ஒருத்தன், அவன் இங்க வரவே இல்ல. நீயாவது வந்தியே." இதைச் சொல்லிவிட்டுத் தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினாள்.

எல்லாம் தெரிந்திருக்கிறது ஊருக்கு. ஊருக்குத் தெரியும் என்பது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் பனியில் நின்று அழுதேன். கண்ணீர் சூடாக இருந்தது, அதுவே நன்றாக இருந்தது.

ஜனவரி 23, ஞாயிறு

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

வெளியில் செத்தவரை அவருடைய வீட்டு வழியாகத்தான் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். லூக்கின் வீடு எங்கே? கிழக்கு வயலுக்குள்ளே, கூரை இல்லாத சுவராக நிற்கிறது. வயல் கதவில் அப்பாவின் பூட்டு. ஊரே வருகிறது என்று தெரிந்து போலீஸ் இரண்டு பேர் தூரத்தில் வந்து நின்றார்கள்.

காலையில் அப்பாவிடம் சாவியைக் கேட்டேன். "உடைச்சுக்கட்டும். உடைச்சா போலீஸ் பார்த்துக்கும்" என்றார். சாவி அவர் பையில். அம்மா கறுப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வாசலில் போய் நின்றாள்.

பெட்டி ரோட்டில் வந்தது. நாலு பேர் தோளில், பின்னால் கூட்டம். அந்த நேரம் பார்த்து அப்பா எதற்கோ வெளியே வந்தார். ஏன் வந்தார், கேட்கவில்லை. ரோட்டில் நேர் எதிரே மாட்டிக்கொண்டார்.

எதிரே சவம் வந்தால் நின்று பார்க்கக் கூடாது. யாராக இருந்தாலும் திரும்பி, அதோடு கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும். குடிகாரன் கூட நடப்பான். வண்டிக்காரன் கூட வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பான். அப்பா நின்றார். பெட்டி நெருங்கி வருகிறது. அப்பா இன்னும் நிற்கிறார். நடந்துடுங்கப்பா, நடந்துடுங்கப்பா, இதுல கூட மனுஷனா இல்லைன்னா அப்புறம் நமக்கு என்ன இருக்கு?

குல்லாயை எடுத்தார். திரும்பினார். பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தார்.

நாலு எட்டு வைத்தால் போதும், வழக்கம் தீர்ந்தது. அவர் நிற்கவில்லை. கூட்டமும் ஒன்றும் செய்ய முடியாது, சவத்தோடு நடக்கிறவனை விலக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்படியே வயல் கதவு வரைக்கும் நடந்தார். பெட்டியைத் தூக்கியவர்கள் நின்றார்கள். மர்ட்டி ஹோனன் கதவைப் பார்க்கிறான், அப்பாவைப் பார்க்கிறான். கையில் ஒருத்தன் கடப்பாரை வைத்திருந்தான், பார்த்தேன்.

அப்பா பையிலிருந்து சாவியை எடுத்தார். குளிரில் பூட்டு இறுகிப்போய்த் திரும்பவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து பூட்டின் மேல் ஊதினார். மறுபடி ஊதினார். ஊரே அவர் ஊதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் கொல்லன் டினன் கூட்டத்திலிருந்து வந்து, அவரிடம் எதுவும் பேசாமல், தன் உள்ளங்கையில் பூட்டைக் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்தான். பிறகு திறந்தது.

பெட்டியை உள்ளே கொண்டுபோய் இடிந்த வாசலில் இறக்கி வைத்தார்கள். ஆக்னஸ் ஒப்பாரி வைத்தாள். மற்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்பா கதவோரம் தலை குனிந்து நின்றார். தன் அம்மாவுக்கு இப்படி ஒருத்தரும் அழவில்லை என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறார். அவர் தோள் குலுங்கியது. யாருக்காக அழுதார் என்று ஊர் என்ன நினைத்ததோ, எனக்குத் தெரியும்.

எல்லாரும் கல்லறைக்குப் போன பிறகும் பூட்டு பனியில் கிடந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

ஜனவரி 26

அப்பா டவுனுக்கு நடந்தே போய், வயல் வேண்டாம் என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டு வந்தார். ஏஜென்ட் சிரித்தாராம். அதற்காக மர்ட்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று இல்லை. சும்மா கிடந்தாலும் கிடக்கும், குத்தகை கட்டாதவனுக்குக் கிடையாதாம். ஆகவே கிழக்கு வயல் இப்போது யாருக்கும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா என்னைப் பார்த்து, "உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்டி" என்றார். "கிழங்கு எடுத்துக்கோங்க" என்றேன்.

பிப்ரவரி 6

வயலை விட்டாயிற்று. இருந்தும் யாரும் பேசவில்லை. யார் முதலில் பேசுவது என்று எல்லாரும் அடுத்தவன் வாயைப் பார்க்கிறார்கள். கடைக்காரி மாவு அளந்து கொடுத்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. முன்பாவது காரணம் இருந்தது. இப்படியே பழகிவிடுமோ? ஆயுசுக்கும் இப்படியேவா? முன்பை விட இது பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 13, ஞாயிறு

கின்னேன் வீட்டுத் தரகர் வந்தார். நிலம் இல்லையென்றால் சம்பந்தம் இல்லை. சொல்லிவிட்டு டீயைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் டார்பி, அதே எரிகட்டிக் குவியலுக்குப் பின்னால்.

"அப்பா சொல்றாரு, வினி... நான் என்ன பண்ணட்டும்?"

"உங்கப்பா சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

காலால் மண்ணைக் கிளறினான். அந்தக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் மேல் எறியலாம் என்று வந்தது. எறிந்தேன். ஒன்றுதான் பட்டது.

"இனிமே வர்றதா இருந்தா முன் வாசலால வா" என்றேன். வரமாட்டான்.

மார்ச் 1, செவ்வாய்

தவக்காலத்துக்கு முன் கடைசி நாள். டார்பிக்கு இன்று கல்யாணம், எட்டுப் பசுவோடு வருகிற பெண்ணாம். பிடில் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. இந்தத் தடவை எங்கள் வாசலில் நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டே போனான்.

அம்மா முட்டை போட்டு மாவு அடை சுட்டுத் தந்தாள். தின்றேன், அழுதேன், மறுபடி தின்றேன். அவனுக்காகவா அழறேன்? அவனைப் பிடிச்சிருந்ததே, அதுக்காக. மூணு வருஷம் வீணாப் போச்சே. போகட்டும் சனியன்.

மார்ச் 6, ஞாயிறு

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. சாக்கட்டி ஞாயிறு. இந்த வருஷமும் கல்யாணம் ஆகாமல் தவக்காலத்துக்குள் நுழைந்தவர்களுக்குக் கோயில் வாசலில் முதுகில் சாக்கட்டியால் கோடு போட்டுக் கேலி செய்வார்கள். கிழட்டுப் பிரம்மச்சாரிகள் சுவரோரமாகவே நகர்ந்து வருவார்கள். போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலு பேருக்குக் கோடு போட்டுச் சிரிக்கும்போது என்னை மட்டும் தாண்டிப் போவார்களே, அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? அம்மாவுக்காகப் போனேன், இடுப்பு பிடித்த பிறகு அவள் இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோயில் வரைக்கும் நடக்கிறாள்.

வாசலில் ஒரே கூச்சல். நாங்கள் வந்ததும் கொஞ்சம் அடங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே அம்மாவைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். திடீரென்று முதுகில் சரக்கென்று ஓர் அழுத்தம், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும். கல் என்று நினைத்தேன். திரும்பினேன்.

ஆக்னஸ். கறுப்புச் சால்வை, கையில் சாக்கட்டி. துக்கம் இருக்கிற வீட்டுப் பெண் இந்த விளையாட்டில் சேரக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அடியே வினி லில்லிஸ்! இந்த வருஷமும் உங்கப்பன் வீட்டுக் கிழங்குதானா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு! வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்குள் டினன் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் ஒவ்வொருவராக எல்லாரும். "அவ வாய்க்குப் பயந்து எவனும் வரல!" என்றது ஒரு குரல். "வந்தவனும் எரிகட்டி வாங்கிட்டு ஓடிட்டான்!" என்றது இன்னொன்று. என்னென்ன கேலி, என்ன கூச்சல்! என் பேர், என் பேர், எல்லார் வாயிலும் என் பேர்.

பூசை முழுக்க எதுவும் காதில் விழவில்லை. எங்கள் வரிசையில் ஓரமாக ஒருத்தர் உட்கார்ந்தார், அப்புறம் இன்னொருத்தர். வெளியே வரும்போது ஆக்னஸ் பக்கத்தில் வந்தாள்.

"உங்கப்பாவோட நான் பேச மாட்டேன். சாகற வரைக்கும் பேச மாட்டேன்" என்றாள்.

"சரி" என்றேன்.

"சும்மா சரி சரின்னு சொல்லாதடி, உனக்கு நல்லாவே இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் சால்வையைக் கழற்றித் துணியால் துடைக்கப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். அடுப்போரம் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார், அதில் நீளமாகக் கிடந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். ஆக்னஸ் ஹோனன் என்றேன்.

எழுந்து வந்து, கோடு அழியாதபடி சால்வையை அவரே வாங்கி ஆணியில் மாட்டினார்.